பப்ஸ் ஏன் அண்ணத்தில் ஒட்டுகிறது?

பேக்கரி பப்ஸ் சாப்பிட்டதும் மேலண்ணத்தில் மெழுகு பூசினாற்போல இருக்கிறதே, ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறவன். என் வகுப்பிலும் ஒரு மாணவி இதையே கேட்டாள்.

பந்து-குச்சி மாடலில், சமையல் எண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலமான ஓலியிக் அமிலத்தைக் கட்டச் சொன்னேன். 18 கார்பன், நடுவில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அதிலுள்ள இரண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கம், இது சிஸ். சங்கிலி நடுவில் மடங்கி நின்றது. இரண்டு மூன்றை அடுக்கப் பார்த்தார்கள், நெருங்கவே இல்லை. பிறகு ஒரு ஹைட்ரஜனை எதிர்ப்பக்கம் மாற்றிக் கட்டியதும் சங்கிலி நிமிர்ந்தது, அடுக்கினால் பொருந்தியது. இதுதான் டிரான்ஸ், எலைடிக் அமிலம். அணு ஒன்றுகூடக் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் ஓலியிக் சுமார் 13 டிகிரியில் உருகும், எலைடிக் சுமார் 45-இல்.

"அப்ப வாய்ச் சூட்டுல உருகாதா சார்?"

உருகாதும்மா. அதற்காக ஒட்டுவதெல்லாம் டிரான்ஸ் கொழுப்பு என்று சொல்ல முடியாது. பாமாயிலிலிருந்து பிரித்த கெட்டிக் கொழுப்பும் ஒட்டும். எண்ணெயில் நிக்கலை வினையூக்கியாகப் போட்டு, ஹைட்ரஜனைச் செலுத்தி, பாதியில் நிறுத்தி (இதுதான் பகுதி ஹைட்ரஜனேற்றம்) செய்த வனஸ்பதியில்தான் டிரான்ஸ் மிகுதி; அப்போது சிஸ் பிணைப்புகளில் ஒரு பகுதி டிரான்ஸாகப் புரண்டுவிடும்.

இரட்டைப் பிணைப்பே இல்லாத நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை ஏற்றும். டிரான்ஸ் அதையும் ஏற்றி, நல்ல கொலஸ்ட்ராலான எச்டிஎல்லையும் இறக்கும். நெதர்லாந்தில் 1990-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்காவில் பிரெட் கம்மரோ என்ற உயிர்வேதியியலாளர் 1957-லேயே மாரடைப்பில் இறந்தவர்களின் உடலில் இந்தக் கொழுப்பு சேர்ந்திருப்பதை எழுதிவிட்டார். அந்நாட்டு அரசு அதைக் கைவிடச் சொன்னது 2015-இல். அப்போது அவருக்கு வயது 100. இடைப்பட்ட காலத்தில் எத்தனை இதயங்கள் நின்றிருக்கும் என்று நினைத்தால் எனக்கு ஆறவே இல்லை.

இந்தியாவில் 2022 முதல் உணவிலுள்ள எண்ணெய், கொழுப்பில் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பாக்கெட் என்றால் லேபிளில் பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடிப் பெட்டியில் உதிரியாக விற்கும் பப்ஸுக்கும் வெண்ணெய் பிஸ்கட்டுக்கும் ஏது லேபிள்? அதனால் நான் கடைக்காரரிடமே கேட்கிறேன்: "அண்ணே, எந்தக் கொழுப்பு போடுறீங்க? அட்டைப்பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்க." எங்கள் தெருக் கடைக்காரர் முகம் சுளிக்காமல் எடுத்துவந்து காட்டினார். மூலப்பொருள் வரிசையில் 'பகுதி ஹைட்ரஜனேற்றம்' என்ற சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். உங்கள் ஊரில் கேட்டவர்கள் என்ன பதில் கிடைத்தது என்று எழுதுங்கள்.