வீட்டில் சொல்லி வளர்த்த நம்பிக்கைகள்: எதை விட்டீர்கள், எதை வைத்திருக்கிறீர்கள்?

காவேரிக்கரை, கும்பகோணம்

விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டாதே, வீடு கூட்டாதே. ஊசி, உப்பு, தயிர் யார் கேட்டாலும் கொடுக்காதே. வாசற்படியில் உட்காராதே, இரணியனை நரசிம்மர் கிழித்த இடம் அது. படுத்திருக்கிறவனைத் தாண்டாதே, வளரமாட்டான். தாண்டிவிட்டால் திரும்பித் தாண்டு. வெள்ளரிப் பிஞ்சை விரலால் சுட்டாதே, அழுகிப்போகும். சுட்டிவிட்டால் விரலைக் கடித்துக்கொள். கிளம்புகிறவரிடம் ‘எங்கே’ என்று கேட்காதே.

இத்தனையும் அம்மாவும் அப்பாவும் எங்களுக்குச் சொன்னவை. காரணம் கேட்டால் “சொன்னா கேளு” என்பதோடு சரி. சிலவற்றுக்குக் காரணம் பிறகு புரிந்தது. சிம்னி விளக்கு வெளிச்சத்தில் கூட்டினால், கீழே விழுந்த மூக்குத்தித் திருகாணி குப்பையோடு தெருவுக்குப் போய்விடும். ஆனால் எல்லாச் சாஸ்திரத்துக்கும் ஓர் அறிவியல் காரணம் கண்டுபிடித்துச் சொல்லும் இப்போதைய பழக்கத்தை நான் ஏற்கவில்லை. பூனை குறுக்கே போவதற்கும் நம் காரியத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை, அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் என்ன சொன்னார்கள்? அதில் எதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள், எது உங்களோடு நின்றுவிட்டது? எழுதுங்கள்.

பொருநை, தென்காசிப் பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பொழுதடைந்தால் எங்கம்மா சுத்திப் போடாமல் விடமாட்டாள். பிள்ளைகளைக் கிழக்கே பார்த்து வரிசையாக உட்கார வைப்பாள். உள்ளங்கையில் கல் உப்பு, மூன்று வத்தல், கொஞ்சம் கடுகு, முச்சந்தி மண். வலமாக மூன்று சுற்று, இடமாக மூன்று சுற்று. “ஊர் கண்ணு, உறவு கண்ணு, நாய் கண்ணு, நரி கண்ணு, கொள்ளிக் கண்ணு, எல்லாக் கண்ணும் தீயில போவட்டும்.” மூன்று தடவை துப்பச் சொல்லிவிட்டு அப்படியே அடுப்பில் கொட்டுவாள். உப்பு படபடவென்று வெடிக்கும். வத்தல் நெடி வந்து எல்லாரும் இருமினால் ஒன்றுமில்லை. நெடியே வராவிட்டால், “எவ்வளவு கண்ணு பாத்தியால!” என்று என் கன்னத்தை வழித்து நெட்டி முறிப்பாள்.

உப்பு வெடிப்பது கல்லுக்குள் இருக்கும் ஈரத்தால் என்று இப்போது தெரியும். நன்றாகக் கனிந்த தணலில் வத்தல் சட்டென்று எரிந்துவிடும், பாதி அவிந்த அடுப்பில் கிடந்து புகையும் என்பதும் தெரியும். தெரிந்தும் என் மகனுக்குச் செய்கிறேன். அவனுக்கு இளைப்பு உண்டு, அதனால் வத்தல் கிடையாது. உப்பை மட்டும் சுற்றித் தண்ணீரில் கரைத்துவிடுவேன். வாரம் முழுக்க பீடி முறத்தில் குனிந்தே கிடந்தவள் எங்கம்மா. எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் அவள் நிதானமாகப் பார்த்தது அந்தப் பத்து நிமிஷம்தான். அதை நான் விடமாட்டேன்.

பள்ளிக்கூட வாத்தியார், திருவண்ணாமலை

காக்கா கத்தினால் விருந்தாளி வருவார் என்பது எல்லார் வீட்டிலும் கேட்டதுதான். இது எவ்வளவு பழையது என்று என் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்வேன். குறுந்தொகை 210-ஆம் பாட்டில், பிரிந்துபோன தலைவன் திரும்பி வந்து தோழியைப் பாராட்டுகிறான். பாராட்டு எனக்கு வேண்டாம், விருந்து வரக் கரைந்த காக்கைக்குக் கொடு, நெய்ச்சோற்றை ஏழு கலத்தில் வைத்தாலும் அதற்குக் குறைவுதான் என்கிறாள் அவள். அதைப் பாடியதால்தான் நச்செள்ளையார் என்ற புலவருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே வந்தது. தும்மினால் வாழ்த்துகிற வழக்கம் 1317-ஆம் குறளில் இருக்கிறது. கணவன் தும்முகிறான், மனைவி வாழ்த்துகிறாள், உடனே “யார் நினைத்துத் தும்மினீர்” என்று அழுகிறாள். முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் நெல்லும் முல்லைப்பூவும் தூவி, நல்ல வார்த்தை காதில் விழுகிறதா என்று ஊருக்கு வெளியே நிற்கிறார்கள்.

பழசு என்பதால் உண்மை என்று நான் சொல்லவில்லை. போனவர் எப்போது வருவார் என்று தெரியாமல் காத்திருந்த வீடுகளில் பிறந்த நம்பிக்கைகள் இவை. போன் இல்லாத காலத்தில் அந்தக் காக்காய் ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்!

வடலி, யாழ்ப்பாணம்

நாங்கள் கண்ணூறு, நாவூறு எண்டு சொல்லுவம். செத்தல் மிளகாயும் உப்பும்தான், மற்றதெல்லாம் மேலே எழுதினமாதிரித்தான். எங்கட அம்மா வெளிக்கிடேக்க ஆரும் “எங்கை போறியள்” எண்டு கேட்டால், திரும்பி வந்து இருந்து, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டுத்தான் போவா. நாள், நேரம் பாக்காமல் படலை தாண்டமாட்டா.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தாலை எங்கட வலிகாமப் பகுதியே இடம்பெயர்ந்துது. ராகுகாலம், எமகண்டம் ஒண்டும் ஆரும் பாக்கேல்லை. மழைக்குள்ள, நாவற்குழிப் பாலத்தடியிலை அடி எடுத்து வைக்க இடமில்லாத சனம். வீட்டைப் பூட்டேக்க நான் “போவம்” எண்டு சொல்லிப்போட்டன். அம்மா என்ரை கையைப் பிடிச்சு நிப்பாட்டி, “அப்பிடிச் சொல்லாதை, போட்டு வாறம் எண்டு வீட்டுக்குச் சொல்லு” எண்டா. சொல்லிப்போட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். வேறை எல்லாத்தையும் விட்டிட்டன். இதை மட்டும் என்ரை பிள்ளையளுக்கும் சொல்லிக் குடுத்திருக்கிறன்.

கிராம நர்ஸ், தருமபுரி மாவட்டம்

எல்லாரும் மனசுக்கு இதமானதாக எழுதுகிறீர்கள். நான் வேலையில் பார்ப்பதையும் எழுத வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் சேனை வைப்பது. யார் சேனை வைக்கிறார்களோ அவர் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்று, நல்ல பெயர் எடுத்தவராகத் தேடிப் பிடித்து, சர்க்கரைத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைக்கச் சொல்வார்கள். தாயின் சீம்பாலை “கெட்ட பால்” என்று பீய்ச்சி ஊற்றிவிடுவதும் உண்டு. மஞ்சளாக, கெட்டியாக வரும் அந்தப் பாலில்தான் பிள்ளைக்கு நோய் எதிர்க்கும் சக்தி இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், ஆறு மாதம் முடிகிறவரை தண்ணீர்கூட வேண்டாம்: இதுதான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. அந்த விரலிலும் அந்தத் தண்ணீரிலும் என்ன கிருமி இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

சண்டை போட்டால் நான் அந்தப் பக்கம் திரும்பியதும் வைத்துவிடுவார்கள். அதனால் சேனை வைக்க வந்தவரைக் கை கழுவச் சொல்லி, பிள்ளையை அவர் கையில் கொடுத்துவிடுவேன். “உங்க குணம் வரணும்னா நெஞ்சோட சேத்துப் பிடிங்க பெரியப்பா, வாயில எதுவும் வேண்டாம்” என்பேன். பெரும்பாலும் அதிலேயே மனசு நிறைந்துவிடும்.

குளிப்பாட்டிவிட்டு மூக்கில் எண்ணெய் விடுவதையும் உடனே நிறுத்துங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ‘உரம் விழுந்திருக்கு’, அதாவது சுளுக்குப் பிடித்திருக்கிறது என்று பச்சைப் பிள்ளையைப் புடவையில் போட்டு உருட்டுவதும் வேண்டாம். இடைவிடாமல் அழும் பிள்ளையை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வாருங்கள். இதில் பாட்டி மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள்.

நொய்யல், காங்கேயம்

கிரகணக் கதை என்னுடையது. 2019 டிசம்பர் 26-ஆம் தேதி வளையச் சூரிய கிரகணம் எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. என் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம். அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்: “மாசமா இருக்கறவ வெளிய எட்டிப் பாக்கக் கூடாது கண்ணு. பிள்ளைக்கு உதடு பிளந்து போயிரும்.” கத்தி, அரிவாள்மனை எல்லாம் பரண்மேல் ஏறிவிட்டன. ஊறுகாய் ஜாடி முதல் தண்ணீர்க் குடம்வரை தர்ப்பைப் புல்.

டாக்டரம்மாவிடம் ஏற்கெனவே கேட்டு வைத்திருந்தேன். கருவில் உதடு கூடுவது ஏழாவது வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது, எட்டாம் மாதத்தில் வரும் கிரகணம் அதை என்ன செய்யும் என்றார். அதை அம்மாவிடம் நிதானமாகச் சொன்னேன். பதில் பேசவில்லை. ஆனால் “வயித்தைக் காயப் போடாதே” என்று மருமகளுக்கு இரண்டு இட்லி அவரே வைத்தார்.

காலை எட்டு மணிக்குமேல் கிரகணம் பிடித்தது. பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினார் அம்மா. பிடிக்காமலே நின்றது. ஒன்பதரை வாக்கில், வாசல் புங்கமரத்தடி நிழலில் இலை இடுக்கு வழியாக விழுந்த ஒளிப்பொட்டு ஒவ்வொன்றும் வளையலாக மாறியிருந்தது. நூற்றுக்கணக்கில், மண் தரை முழுக்க, அம்மாவின் சேலை மேலெல்லாம். மேலே பார்க்கவே வேண்டாம், கண்ணுக்கு ஆபத்தும் இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றவர் உள்ளே திரும்பி, “கண்ணு, நீயும் திண்ணைக்கு வந்து பாரு, தரையை மட்டும் பாரு” என்று என் மனைவியைக் கூப்பிட்டார். எனக்கு அது இன்றைக்கும் பெரிய விஷயம்.

மறுநாள் அதே தாம்பாளத்தில் அதே உலக்கையை நிறுத்தினேன், நின்றது. அடியில் பூண் தட்டையாக இருந்தால் எந்த நாளும் நிற்கும்.

அதே நாள், கர்நாடகத்தில் கலபுரகி பக்கம், மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைக் குணமாகும் என்று நம்பிக் கழுத்துவரை மண்ணில் புதைத்துவைத்ததாகச் செய்தி வந்தது. பெற்றவர்களே செய்தது. அதைப் படித்ததிலிருந்து ‘நம்பிக்கைதானே, இருந்துட்டுப் போகட்டும்’ என்று என்னால் சொல்ல முடிவதில்லை.

வைகைக்கரை, மதுரை

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குச் சகுனம் சொல்லிக்கொடுத்தது அம்மாதான். நிறைகுடம் எதிரே வந்தால் நல்லது, பூக்காரம்மா வந்தால் நல்லது, தாலி அறுத்தவள் வந்தால் உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போ. நானும் தங்கச்சியும் தெருமுனைவரை பார்த்துப் பார்த்துப் போவோம்.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து முழுப் பரீட்சைக்குக் கிளம்புகிறேன், அம்மாவைக் காணோம். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். இடுக்கில் முந்தானை தெரிகிறது. யாரும் போய் நில் என்று சொல்லவில்லை, அவளே போனாள். எனக்கு எதிரே வரும்படி பக்கத்து வீட்டு அத்தையிடம் முதல் நாளே சொல்லியும் வைத்திருந்தாள். அத்தை குடத்தோடு வந்தார், நான் போனேன்.

எங்களைப் படிக்க வைத்தது அம்மாவின் தையல் மிஷின். என் கல்யாணத்துக்கு நகை சேர்த்ததும் அதே மிஷின். கல்யாணத்தன்று அவள் சாமான் ரூமில் வெற்றிலை எண்ணிக்கொண்டிருந்தாள். தாரை வார்த்தது சித்தப்பாவும் சித்தியும். கெட்டிமேளம் கேட்டுத்தான் எனக்குத் தாலி ஏறியது அவளுக்குத் தெரிந்திருக்கும். கைம்பெண்கள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-லேயே சட்டம் வந்துவிட்டது. என் அம்மாவால் பெற்ற மகள் கல்யாணத்தை எதிரே நின்று பார்க்க முடியவில்லை.

பிறகு எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், “ஏம்மா இப்படி?” என்று. ஒரே பதில்தான்: “என் முகத்துல முழிச்சுட்டுப் போயி உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் எப்படி உசுரோட இருப்பேன்?” ஊர் பேசுமே என்ற பயம் அவளுக்கு இல்லை. தன்னால் பிள்ளைக்குக் கெடுதல் வரும் என்றே நம்பினாள். அந்த நம்பிக்கையை அவளுக்குள் வைத்தவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

என் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் கிளம்பிய அன்று, “அம்மாச்சி துண்ணூறு பூசினாத்தான் போவேன்” என்று வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நேரமாகிறது, ஆட்டோ நிற்கிறது, அவள் அசையவில்லை. அம்மா வந்தாள். கை நடுங்கியதில் திருநீறு பாதி மூக்கில் கொட்டியது. அன்று அவள் திரும்பி வருகிறவரை அம்மா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். அடுத்த பரீட்சைக்கும் பூசினாள், அன்று மத்தியானம் சாப்பிட்டாள். கடைசிப் பரீட்சைக்கு நாங்கள் கூப்பிடும் முன்பே திருநீற்றுச் சம்புடத்தோடு வாசலில் நின்றாள்.

மேலே சொன்ன நகம், ஊசி, உப்பு எல்லாம் அவரவர் விருப்பம், இருந்தால் இருக்கட்டும். இதை மட்டும் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

புது உறுப்பினர், உசிலம்பட்டி

வைகைக்கரை அக்கா, தை மாசம் தம்பிக்குக் கல்யாணம். அப்பா இல்லை. அம்மாவை மணமேடையில் நிறுத்த வேண்டும் என்று தம்பியும் நானும் நினைக்கிறோம். பெரியப்பா வீட்டில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அம்மாவும் வேண்டாம் என்கிறார். எப்படிப் பேசுவது?

வைகைக்கரை, மதுரை

தம்பி, முதலில் பத்திரிகை. அம்மா பேரிலேயே அழைப்பு அடியுங்கள். ஊர் கையில் பத்திரிகை போய்ச் சேர்ந்துவிட்டால் பாதிப் பேச்சு முடிந்த மாதிரி. பெண் வீட்டாரிடம் மாப்பிள்ளையே நேரில் போய்ச் சொல்லட்டும், வேறு யார் வாய் வழியாகவும் போக வேண்டாம். மந்திரம் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கும்போதே, யார் எங்கே நிற்பார்கள் என்று பேசி முடித்துவிடுங்கள். மேடையில் வைத்து யாரும் விவாதம் பண்ணும் நிலைமை வரக் கூடாது. பெரியப்பாவிடம் அனுமதி கேட்காதீர்கள், ஆசீர்வாதம் கேளுங்கள்.

கஷ்டம் அம்மாவிடம்தான். அவர் வேண்டாம் என்றால் அவர் இஷ்டம் என்று விட்டுவிடாதீர்கள், அது அவர் இஷ்டமே இல்லை. அன்றைக்கு யாராவது ஒருவர் அவரோடு ஒட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி நிமிஷத்தில் சமையல்கட்டுப் பக்கம் போய்விடுவார். தேதியும் மண்டபமும் அனுப்புங்கள். நானும் எங்கம்மாவும் வருகிறோம், அவர் பக்கத்தில் நாங்கள் நிற்கிறோம்.