புதுப்பிப்பு: மிட்டுவின் கால் புண், மூன்று வாரங்களுக்குப் பிறகு

எங்கள் காக்கடீல் (கொண்டையுள்ள சிறு கிளி) மிட்டு இடது காலை ஊன்றாமல் தூக்கியே வைத்திருக்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டச் சொன்ன அனைவருக்கும் நன்றி. காட்டிவிட்டோம்.

பம்பிள்ஃபுட் எனப்படும் உள்ளங்கால் புண்தான். மருத்துவர் பாதத்தைத் திருப்பிக் காட்டியபோது மனம் பதறிவிட்டது. செதில் வரிகளெல்லாம் தேய்ந்து, தோல் மெழுகு பூசியதுபோல் பளபளத்தது; நடுவில் மிளகளவு புண். ஒரே தடிமனுள்ள வழவழப்பான கம்பிலேயே இரவும் பகலும் நின்றதால் ஒரே இடத்தில் அழுத்தம். தினையை மட்டுமே தின்றதால் வைட்டமின் ஏ குறைந்து தோலும் வலுவிழந்திருக்கிறது. இரண்டும் என் கவனக்குறைவு.

வீட்டிலிருந்த களிம்பைத் தடவ நினைத்திருந்தேன். நல்லவேளை, தடவவில்லை. எண்ணெய்ப் பசை இறகுகளில் ஒட்டிக்கொள்ளும், கோதும்போது வயிற்றுக்குள்ளும் போய்விடும். மருத்துவர் தந்த மருந்து மட்டும்தான்.

இப்போது கூண்டில் பட்டையோடு கூடிய கொய்யாக் கிளைகள், விரல் தடிமனிலும் அதைவிடப் பருமனாகவும். முருங்கைக்கீரையை நான்கு நாட்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிரில் அமர்ந்து நான் மென்று காட்டிய பிறகுதான் ஒருமுறை கொத்தியது.

தன் ஆண் பட்ஜி (இதுவும் ஒரு சிறு கிளி வகை) புண்ணே இல்லாமல் ஒரு காலை இழுக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை இதனோடு சேர்க்காதீர்கள். சிறுநீரகத்திலோ விரையிலோ கட்டி வளர்ந்து கால் நரம்பை அழுத்தினாலும் அப்படி ஆகும். உடனே காட்டுங்கள்.

நேற்றிரவு மிட்டு வலது காலை மடக்கி, இடது காலில் நின்றபடி தூங்கியது.