கொம்பு இடம் மாறினால் குற்றம் எழுத்துருவுக்கா?

செம்பனைத்தம்பி:
மலேசியாவில் எங்கள் பஹாவ் ஊர் வாட்சாப் குழுவில் ஒருவர் போட்டிருக்கிறார்: "கோட் எழுதித் தமிழ் பிடிஎஃப் செய்ய முடியாது. தமிழ் எழுத்துரு எல்லாமே ஓட்டை." படித்ததும் எரிச்சல். எங்கள் தோட்டத்துக் கோயில் ரசீதுகளைப் பைத்தான் என்கிற நிரல்மொழியில்தான் போடுகிறேன். எக்செல் பட்டியலைக் கொடுத்தால் ஆளுக்கொரு பிடிஎஃப் வந்துவிடும். எந்த ஓட்டையும் இல்லை.

பால்மரம்72:
போட்டது நான்தான் தம்பி, பெயரைச் சொல்லியே பேசலாம். பெருமாள் என்று கொடுத்தேன். கொம்பு ப-வை விட்டுவிட்டு ரு-வோடு போய் ஒட்டிக்கொண்டது. எழுத்துருவை மாற்றினேன், சரியாகிவிட்டது. குற்றம் எதில்?

கிராணிமகன்:
வந்துவிட்டார் வல்லுநர். அண்ணே, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் ப முதலில், கொம்பு அதற்குப் பிறகுதான் பதிவாகும். அதை முன்னால் கொண்டுவந்து வைப்பது தனி வேலை. எழுத்துகளை இடம் பார்த்து அடுக்கும் ஹார்ஃப்பஸ் மாதிரி மென்பொருள்தான் அதைச் செய்ய வேண்டும். அடோபி 1993-இல் வெளியிட்ட காலத்திலிருந்தே பிடிஎஃபுக்குள் போவது எந்த உருவம் எந்த இடத்தில் என்பதுதான். திறக்கிற மென்பொருள் அதைத் திருத்தாது. உங்கள் கோடு பயன்படுத்துகிற பிடிஎஃப் லைப்ரரி எழுத்துகளை வந்த வரிசையில் கொட்டியிருக்கிறது. அதே எழுத்துருவை வேர்டில் போட்டுப் பாருங்கள், கொம்பு ஒழுங்காக நிற்கும்.

பால்மரம்72:
பாடம் வேண்டாம் லா. எழுத்துருவை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆமாவா, இல்லையா?

கிராணிமகன்:
எதற்கு மாற்றினீர்கள்?

பால்மரம்72:
அச்சுக்கடையில் கொடுத்த பழைய எழுத்துரு. கல்யாணப் பத்திரிகையெல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

கிராணிமகன்:
நினைத்தேன். அது யூனிகோடே இல்லை. வேறு எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் உருவத்தைத் திணித்து வைத்தது. அதில் கொம்பை நீங்களே முதலில் தட்டுகிறீர்கள், அதனால் இடம் மாற்றும் வேலையே கிடையாது. இப்போது அந்தப் பிடிஎஃபில் பெருமாள் என்று தேடுங்கள். வராது. நகலெடுத்து ஒட்டினால் குப்பைதான் விழும்.

பால்மரம்72:
ரசீதில் யார் தேடப் போகிறார்கள்? கொடுத்தவர் தன் பெயரைப் பார்ப்பார், மடித்துச் சட்டைப்பையில் வைப்பார். எழுத்துருவை மாற்றினேன், சரியாகிவிட்டது.

லயத்துஅக்கா:
தேட ஆள் இருக்கிறது. போன வருஷம் தீமிதி நன்கொடைக் கணக்கைச் சரிபார்த்தது நான். ஒரே பெயருக்கு இரண்டு ரசீது போயிருக்கிறதா என்று பார்க்க, அத்தனை பிடிஎஃபையும் திறந்து கண்ணால் படித்தேன். அந்தக் கண்வலி யாருக்குத் தெரியும்? அப்புறம், இதற்கெல்லாம் கோட் எதற்கு? பட்டியலில் உள்ள பெயர்களைத் தானே நிரப்பும் மெயில் மெர்ஜ் வேர்டில் இருக்கிறதே.

செம்பனைத்தம்பி:
அக்கா, ஒவ்வொரு ரசீதும் அவரவர் பெயரில் தனிக் கோப்பாக வேண்டும். மெயில் மெர்ஜ் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்துவிடும். இப்போதைய வேர்ட் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம்; அதன் பெயருக்குப் பின்னால் வரும் docx என்ற வாலை zip என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் என்கிற உரைக்கோப்புகள் கிடக்கும். மாதிரி ரசீதில் பெயரையும் தொகையையும் மட்டும் கோட் மாற்றுகிறது. பிறகு லிப்ரேஆபிஸ் என்கிற இலவச அலுவலக மென்பொருள் அதைப் பிடிஎஃப் ஆக்குகிறது. அதற்குள் ஹார்ஃப்பஸ் இருக்கிறது, கொம்பு நகராது.

பால்மரம்72:
பிடித்தேன்! அப்படியானால் பிடிஎஃப் செய்வது பைத்தான் இல்லை, லிப்ரேஆபிஸ். இதற்குத்தான் இவ்வளவு பெருமையா?

கிராணிமகன்:
எஃப்பிடிஎஃப்2 என்கிற பைத்தான் லைப்ரரி நேரடியாகவே செய்யும். கொம்பை இடம் மாற்றும் டெக்ஸ்ட் ஷேப்பிங் அதில் முதலில் அணைந்திருக்கும், இயக்க ஒரே வரி. கையேட்டைத் திறந்தவருக்குத் தெரியும். முத்து நெடுமாறன் 1985-லேயே இந்த மலேசியாவில் முரசு என்கிற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். இங்கே உட்கார்ந்துகொண்டு தமிழ் எழுத்துரு ஓட்டை என்று எழுத உங்களுக்கு எப்படித்தான் கை வந்ததோ.

பால்மரம்72:
பெரிய மனிதர் பெயருக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். உங்கள் அப்பா தோட்டத்துக் கணக்கரான கிராணி என்பதற்காக நாங்கள் இன்னும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்க வேண்டுமா?

கிராணிமகன்:
அப்பாவை இழுத்தால் நானும் இழுப்பேன். கோயிலுக்குப் பிரிண்டர் வாங்கிய மிச்சக் காசு என்ன ஆனது?

கித்தாக்காடு:
ரசீதுப் புத்தகத்தில் பேனாவால் எழுதினால் என்ன?

பால்மரம்72:
நீங்கள் சும்மா இருங்கள். பிரிண்டர் பில்லை அப்போதே குழுவில் கொடுத்துவிட்டேன்.

லயத்துஅக்கா:
எந்தக் குழுவில்? கணக்குப் பார்த்த என்னிடம் எந்தப் பில்லும் வரவில்லையே.

செம்பனைத்தம்பி:
நான் கேட்டது எழுத்துருவைப் பற்றி.

பால்மரம்72:
எழுத்துருவுக்குத்தான் பதில் சொல்லிவிட்டேனே. அக்கா, பில் விஷயத்தைச் சனிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேசுவோம், கிராணி மகனையும் வரச் சொல்லுங்கள்.