ஊருக்கு ஊர் கேம் ரசனை: நீங்கள் நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஒசாகாவிலிருந்து

வேலைக்காக ஜப்பான் வந்த புதிதில் ஓர் அலுவலக நண்பர் வீட்டில் பிளேஸ்டேஷன் 4 (டிவியில் இணைத்து ஆடும் சோனியின் கேம் பெட்டி) ஆடக் கொடுத்தார். ஊர் வழக்கப்படி பெருக்கல் குறி பட்டனை அழுத்தினால், மெனு முன்னால் போகாமல் பின்னால் போனது. இங்கே வட்டம்தான் 'ஓகே', பெருக்கல் குறி 'வேண்டாம்'. பள்ளிக்கூட விடைத்தாளிலேயே சரியான விடைக்கு ஆசிரியர் வட்டம்தான் போடுகிறார். 1994-இல் வந்த முதல் பிளேஸ்டேஷனிலிருந்து அப்படித்தான். மேலைநாட்டு விற்பனைக்குத்தான் அதைத் தலைகீழாக்கினார்கள். 2020-இல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது, உலகம் முழுக்க ஒரே மாதிரி இருக்கட்டும் என்று ஜப்பானிலும் பெருக்கல் குறியையே 'ஓகே' ஆக்கிவிட்டது சோனி. நண்பர் அதைச் சொல்லி இன்னும் புலம்புகிறார். சொந்த ஊர் கம்பெனியே கைவிட்டுவிட்டதாம்.

மைக்ரோசாஃப்டின் கேம் பெட்டியான எக்ஸ்பாக்ஸின் கதை இதைவிடச் சுவாரசியம். 2002 பிப்ரவரியில் அது இங்கே வந்தபோது பில் கேட்ஸே டோக்கியோ ஷிபுயாவில் நின்று பெட்டியைக் கையில் எடுத்துக் கொடுத்தார். அமெரிக்க கன்ட்ரோலர் ரொம்பப் பெரிது என்று, ஜப்பானுக்காகவே சின்னதாக ஒன்று செய்தார்கள். (கடைசியில் அமெரிக்கர்களும் அந்தச் சின்னதற்கே மாறிவிட்டார்கள் என்பது வேறு கதை.) அப்படியும் போணியாகவில்லை. 2005 டிசம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான்.

ஆனால் வாங்கிய அந்தக் கொஞ்சம் பேர் யார் என்பதுதான் விஷயம். எங்கள் டீமில் ஒருவர் 360-ஐ இன்னும் டிவிக்குக் கீழே வைத்திருக்கிறார். அமெரிக்காவில் அதை ஹேலோ என்ற துப்பாக்கிச் சண்டை கேமுக்காக வாங்கினார்கள் என்றால், இவர் வாங்கியது இளம் பாடகிகளைப் பயிற்சி கொடுத்து மேடையேற்றும் 'ஐடல்மாஸ்டர்' விளையாட்டுக்காக. 2007-இல் அது 360-க்கு மட்டும்தான் வந்தது. கூடவே கேவ் என்ற நிறுவனத்தின் விமானச் சண்டை கேம்கள்: திரை முழுக்கத் தோட்டா மழை கொட்டும், அதற்குள் புகுந்து தப்பிக்க வேண்டும். 360 என்றாலே இங்கே அந்த ரசிகர் வட்டாரத்தின் பெட்டி. ஹேலோவை அவர் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததே இல்லையாம்.

என் கணிப்பு இது: ஒரு கன்சோல், அதாவது கேம் பெட்டி, ஓடுமா ஓடாதா என்பதை அதன் உள்ளே இருக்கும் சிப் முடிவு செய்வதில்லை. மக்கள் எங்கே உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. இங்கே வீடு சின்னது, ரயில் பயணம் நீளம். சோனியின் கையடக்க பி.எஸ்.பி.யில் 'மான்ஸ்டர் ஹன்டர்' வெறித்தனமாக ஓடியது அதனால்தான். நாலு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒய்ஃபை மூலம் இணைந்து ஒரே மிருகத்தை வேட்டையாடலாம். 2010 டிசம்பரில் வந்த மூன்றாவது கையடக்கப் பதிப்பு ஜப்பானில் மட்டும் 40 லட்சத்தைத் தாண்டி விற்றது. அமெரிக்காவில் இந்தத் தொடர் பெரிய வெற்றி பெற 2018-இல் 'வேர்ல்ட்' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது டிவி முன்னால் உட்கார்ந்து, இணையத்தில் சேர்ந்து ஆடும் பதிப்பு.

நீங்கள் இருக்கும் ஊரில் எப்படி? கேள்விப்பட்டதை விடுங்கள், பார்த்ததை எழுதுங்கள்.

டல்லாஸிலிருந்து

எங்கே உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்பது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் ஊரில் ரயில் ஏறுபவரும் குறைவு, நடப்பவரும் குறைவு, எல்லாம் கார்தான். 2011-இல் நின்டெண்டோ 3டிஎஸ் என்ற கையடக்கப் பெட்டி வாங்கினேன். அதில் ஸ்ட்ரீட்பாஸ் என்று ஒரு வசதி: பையில் போட்டுக்கொண்டு நடந்தால், எதிரே வருபவரிடமும் 3டிஎஸ் இருந்தால் இரண்டும் தாங்களாகவே வணக்கம் சொல்லிக்கொள்ளும். திறந்து பார்த்தால் அந்த ஆளின் பொம்மை முகம் வந்து நிற்கும். வீடு, கார், அலுவலகம், மறுபடி கார் என்று வாழ்கிற எனக்கு யார் வந்து வணக்கம் சொல்வது? மாதக்கணக்கில் ஈ ஓட்டியது. அப்புறம் வேலையாக டோக்கியோ போனபோது அகிஹபாராவில் ரயிலை விட்டு இறங்கி மாடிப்படி ஏறுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. ஒரு நேரத்தில் பத்து பேர்தான் வரிசையில் நிற்க முடியும். அந்தப் பத்தும் நிரம்பிவிட்டது. ஒவ்வொருவரையும் வரவேற்று அனுப்பிவிட்டு நாலு கடை தள்ளிப் போனால் மறுபடியும் பத்து. இதைக் கண்டுபிடித்தவர் கண்டிப்பாக கார் ஓட்டுபவர் இல்லை.

இங்கே நடப்பது வேறு. ஒவ்வோர் ஆகஸ்டிலும் மேடன் வரும். அமெரிக்கக் கால்பந்து, அதாவது கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. கேமே ஆடாத என் மேனேஜர்கூட அதை மட்டும் வாங்குவார். வீட்டு ஹாலில் பெரிய டிவி, பெரிய சோபா, சனிக்கிழமை நாலு பேர், பீட்சா. இந்த அறைக்கு எக்ஸ்பாக்ஸ் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்புறம் கிர்பி. நின்டெண்டோ கேம்களில் வரும் இளஞ்சிவப்பு உருண்டை. ஜப்பான் அட்டையில் சிரித்துக்கொண்டிருக்கும். அதே கேமின் அமெரிக்க அட்டையில் புருவத்தை நெரித்து முறைக்கும். உள்ளே அதே கேம்தான்! அழகாக இருந்தால் அமெரிக்கப் பையன்கள் தொட மாட்டார்கள் என்று பயம். என் மகளுக்கு இரண்டு அட்டைகளையும் காட்டினேன். "இவன் ஏம்ப்பா கோவமா இருக்கான்?" என்றாள்.

ஜப்பானின் சாகசக் கேம் தொடரான டிராகன் குவெஸ்ட் பற்றியும் சொல்ல வேண்டும். 1989-இல் அதை 'டிராகன் வாரியர்' என்று பெயர் மாற்றி இங்கே இறக்கினார்கள். எதிர்பார்த்த அளவு விற்காமல், நின்டெண்டோ தன் பத்திரிகைக்குச் சந்தா கட்டியவர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது.

ஒசாகாவிலிருந்து

இலவசமாகவா! அதே தொடரின் மூன்றாம் பாகம் இங்கே 1988 பிப்ரவரி 10, புதன்கிழமை வெளியானது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு வரிசையில் நின்ற நூற்றுக்கணக்கான மாணவர்களைப் போலீஸ் பிடித்து விசாரித்தது. அதற்குப் பிறகு வார நாளில் டிராகன் குவெஸ்ட் வெளியிடக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது வெறும் கதை. ஆனால் நான்காம், ஐந்தாம் பாகங்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தன, ஆறும் ஏழும் சனிக்கிழமை. கம்பெனியே சூதானமாகிவிட்டது.

மியூனிக்கிலிருந்து

ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா கேம் ஆடாத தொண்ணூறுகளின் பையன் உண்டா? அதை ஜெர்மனியில் பழைய பொருள் சந்தையில் தேடினால் கிடைக்காது. 'புரோபோடெக்டர்' என்று கேட்க வேண்டும். மனிதர்களைச் சுடும் கேம் என்றால் இளைஞர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு தடைப்பட்டியலில் போட்டுவிடும் என்று, ஐரோப்பியப் பதிப்பில் இரண்டு ஹீரோக்களையும் எதிரி வீரர்களையும் ரோபோவாக மாற்றிவிட்டார்கள். சந்தையில் ஒரு பெரியவர் தன் மேசையிலேயே சின்ன டிவி வைத்துப் போட்டுக் காட்டினார். அதே காடு, அதே அருவி, அதே இசை. ஓடுவது மட்டும் இரும்பு மனிதன். எனக்கு அரைக் கனவு மாதிரி இருந்தது. அவருக்கு அதுதான் அசல்.

அந்தக் காலத்து ஐரோப்பிய டிவி 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல கேம்கள் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. வேகத்துக்கே பேர்போன முள்ளெலி சோனிக் மெதுவாக ஓடினால் அப்புறம் அது என்ன சோனிக்.

இப்போது என் பக்கத்து வீட்டுக்காரர் ஆடுவது டிராக்டர் ஓட்டும் ஃபார்மிங் சிமுலேட்டர். பகலில் அவர் லாரி ஓட்டுகிறார்.

சியோலிலிருந்து (தென்கொரியா)

கன்சோலா? நான் இங்கே படிக்க வந்து பார்த்த கேம் எல்லாம் பிசி பாங்கில்தான். நம்ம ஊர் பிரவுசிங் சென்டர் மாதிரிதான், ஆனால் நல்ல நாற்காலி, வேகமான கம்ப்யூட்டர், மணிக்கணக்குக் காசு. உட்கார்ந்த இடத்துக்கே சுடச்சுட ராமியோன் (கொரிய நூடுல்ஸ்) வரும். 1997 பொருளாதார நெருக்கடி, அதற்கு அடுத்த ஆண்டு ஸ்டார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் போர் கேம், வேகமான இணையம், மூன்றும் சேர்ந்து வந்ததில் இது பெருகியது. ஜப்பானியப் பண்பாட்டுப் பொருள்களுக்கு இருந்து, 1998 முதல் படிப்படியாகத் தளர்ந்த தடையும் ஒரு காரணம். நின்டெண்டோவின் பெட்டியையே ஹியுண்டாய் 'காம்பாய்' என்ற பெயரில் விற்ற ஊர் இது. என் அறை நண்பனிடம் நின்டெண்டோவின் ஸ்விட்ச் பெட்டி இருக்கிறது. அதில் தூசிதான் ஆடுகிறது.

சென்னையிலிருந்து

நம்ம ஊரைப் பற்றி யாருமே எழுதவில்லையே! நமக்கு எல்லாம் தாமதமாக வரும், அதுதான் நம் ரசனையையே செய்தது. உலகம் பிளேஸ்டேஷனுக்கு மாறிய பிறகும் நாம் பர்மா பஜாரில் வாங்கிய போலிப் பெட்டியில் '9999 இன் 1' கேசட் போட்டு ஆடிக்கொண்டிருந்தோம். அந்த 9999-இல் உண்மையான கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், மீதி எல்லாம் அதே கேம் வேறு லெவலில் ஆரம்பிக்கும். மியூனிக் நண்பரே, நமக்குக் கிடைத்தது மனிதர்கள் உள்ள கான்ட்ராதான், எந்த அரசாங்கமும் தலையிடவில்லை.

பிளேஸ்டேஷன் 5 அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 2020 நவம்பர் 12-இல் வந்தது. இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. விலை 49,990 ரூபாய். ஜனவரியில் முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. நான் கார்டு நம்பர் அடித்து ஓ.டி.பி. வருவதற்குள் 'ஸ்டாக் இல்லை' வந்துவிட்டது. ரிச்சி தெருவில் ஒருவர் இருக்கிறது என்றார். சொன்ன விலையைக் கேட்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பிரேசில்காரர்களை நினைத்து மனதைத் தேற்றிக்கொண்டேன்: பிளேஸ்டேஷன் 4 அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்தபோது, வரியெல்லாம் சேர்ந்து அங்கே 3,999 ரியால். அன்றைய கணக்கில் 1,800 டாலர்!

ஸ்விட்ச் இங்கே அதிகாரப்பூர்வமாக வரவே இல்லை. யாராவது துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவர வேண்டும். தம்பி தலைமுறைக்கு அந்தக் கவலையே கிடையாது. கன்சோல் வாங்கும் காசில் நாலு ஃபோன் வாங்கலாம் என்று கணக்குப் போடுகிறான். 2020 செப்டம்பரில் பப்ஜி என்ற ஃபோன் கேமைத் தடை செய்தபோது வீட்டில் சாப்பிடாமல் இருந்தான். அடுத்த ஆண்டு அதன் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வந்த பிறகுதான் முகம் தெளிந்தது.

ஒசாகா அண்ணா, ஸ்விட்ச் 2 அங்கே மலிவு என்கிறார்களே. பொங்கலுக்கு வரும்போது ஒன்று எடுத்து வர முடியுமா?

ஒசாகாவிலிருந்து

மலிவுதான் தம்பி, ஆனால் பார்த்துக்கொள். 2025 ஜூன் 5-இல் இங்கே இரண்டு வகை வந்தது. அப்போது 49,980 யென்னுக்கு விற்றது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது; ஜப்பான் கணக்கைத்தான் அதில் இணைக்க முடியும். எல்லா மொழியும் உள்ளது அப்போது 69,980 யென், அதை நின்டெண்டோ தன் சொந்தக் கடையில் மட்டும் விற்கிறது. வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு என்று இங்கே பேச்சு. ஆரம்பத்தில் குலுக்கல் வேறு: பழைய ஸ்விட்ச்சில் 50 மணி நேரத்துக்கு மேல் ஆடியிருக்க வேண்டும், ஒரு வருட ஆன்லைன் சந்தா இருக்க வேண்டும். அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள்.

நான் வாங்கியது ஜப்பானிய மொழிப் பெட்டிதான். மகள் இங்கே பள்ளியில் படிப்பதால் அவளுக்குச் சிரமம் இல்லை, நான் அவளிடம் கேட்டுக் கேட்டு ஆடுகிறேன். உனக்கு அது வேண்டாம். டல்லாஸ் அண்ணனிடம் கேள், அங்கே வந்தபோது 449.99 டாலர், மொழித் தொல்லை இல்லை. அவர் ஊருக்கு வருவது எப்போது என்று முதலில் விசாரி.