பாஸ்கா திருவிழிப்பு: நான்கு மொழிப் பங்கில் வாசகங்களை எப்படிப் பிரிப்பது?

வழிபாட்டுக்குழு_கிள்ளான்: மலேசியாவின் கிள்ளானில் உள்ள எங்கள் கத்தோலிக்கப் பங்கில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என நான்கு மொழியிலும் பூசை உண்டு. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய பெரிய சனி இரவில் நடக்கும் திருவிழிப்புக்குப் பங்குப் பேரவையில் இரண்டு யோசனைகள் ஓடுகின்றன: மொழிக்கொரு திருவிழிப்பு, அல்லது ஒரே திருவிழிப்பில் ஒவ்வொரு வாசகத்தையும் பாதி பாதியாகப் பிரிப்பது. எது சரி? இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும்.

வாசகர்_பயிற்சி: இரண்டுமே வேண்டாம். மக்கள் ஒரே சமூகமாகக் கூடுவதுதான் அந்த இரவு. உரோமை 1988-இல் அனுப்பிய பாஸ்கா சுற்றறிக்கையும் சிறு குழுக்களை ஒன்றுசேரத்தான் சொல்கிறது. மாலை 6 மணிப் பூசையாகத் திருவிழிப்பை நடத்துவதையும் கண்டிக்கிறது. நன்றாக இருட்டிய பிறகு, 8 மணிக்குத் தொடங்குங்கள்.

பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. குறைந்தது மூன்று வேண்டும். விடுதலைப்பயணம் 14-ஐ ஒருபோதும் விடக்கூடாது. உங்களுக்கு நான்கு மொழி, ஆகவே நான்கு வாசகம்: தொடக்கநூல், விடுதலைப்பயணம், எசாயா 55, எசேக்கியேல் 36. ஒரு வாசகம் முழுக்க ஒரே மொழி. நடுவில் மொழி மாறினால் இரண்டு தரப்புக்கும் பாதிக்கதைதான் கிடைக்கும்.

வாசகம் எந்த மொழியோ பதிலுரைப்பாடலும் அதே மொழி. விடுதலைப்பயணத்தில் இது ரொம்ப முக்கியம்: மோசேயும் மக்களும் பாடினார்கள் என்று சொல்லித்தான் வாசகம் முடிகிறது, பாட்டு அதன் தொடர்ச்சி. தமிழில் வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடினால் கடலின் நடுவே ஆள் மாறினமாதிரி இருக்கும்.

திரையில் ஓட்டாதீர்கள், மெழுகுவர்த்தி வெளிச்சம் செத்துவிடும். கையேட்டில் மற்ற மூன்று மொழியிலும் இரண்டு வரிச் சுருக்கம் போதும், எழுத்து 14 புள்ளிக்குக் குறையாமல். மறையுரையை நான்கு தடவை சொல்ல வேண்டாம். அரை மணி நேரம் அங்கேதான் போகும்.

பாடகர்குழு_ஆல்டோ: பாஸ்கா திரி உள்ளே வந்ததும் பாடும் நீண்ட பாஸ்கா புகழுரையையும் பிரிக்காதீர்கள். ஒரே குரல், ஒரே மொழி, முடிந்தால் குறுகிய வடிவம். குருவோ திருத்தொண்டரோ அல்லாத பொதுநிலையினர் பாடினால் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" வரும் பகுதியை விட்டுவிட வேண்டும். பலர் மறப்பது இது.

வானவர் கீதத்துக்கு "குளோரியா இன் எக்ஸ்செல்சிஸ் தேயோ" என்ற இலத்தீன் பல்லவியை எல்லாரும் பாடட்டும், சரணங்களை மொழிவாரியாகப் பகிரலாம். மணிகளைப் பல்லவியில் மட்டும் அடியுங்கள். சரணத்திலும் அடித்தால் சுருதி காதில் விழாது, அடுத்த மொழிக்குழு வேறு சுருதியில் எடுத்துவிடும். அல்லேலூயாவுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம். குரு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுருதியை உயர்த்தி எடுத்துக்கொடுப்பார்.

பீடப்பணி: ஏப்ரல் சாயங்காலம் கிள்ளான் பக்கம் இடிமழை வரும். பாஸ்கா திரியை (பெரிய மெழுகுவர்த்தியை) ஏற்றும் புது நெருப்பைப் போர்ட்டிகோ ஓரத்தில் வையுங்கள். வெறும் கரியில் பாஸ்கா திரி பற்றாது. சுவாலையிலிருந்து நீளமான மெல்லிய மெழுகுத்திரியில் தீ எடுங்கள். பாஸ்கா திரியில் பதிக்கும் ஐந்து தூபமணிகளுக்கும் துளையை முதல்நாளே சூடான ஆணியால் போட்டுவையுங்கள், இல்லாவிட்டால் அழுத்தும்போது மெழுகு விரியும்.

மக்களுக்கு நான்கு மொழியிலும் முன்கூட்டி ஒரே அறிவிப்பு: எரியும் திரி நிமிர்ந்தே இருக்கட்டும், எரியாததைச் சாயுங்கள். மாற்றிச் செய்தால் மெழுகு பக்கத்து ஆளின் கையில் ஒழுகும்.

பாஸ்கா திரியோடு பவனி வரும்போது மூன்று முறை "கிறிஸ்துவின் ஒளி" என்று பாடுவார்கள்; பீடத் திரிகளை மூன்றாவதோடு ஏற்றிவிடாதீர்கள். அவை வானவர் கீதத்துக்கு.

வழிபாட்டுக்குழு_கிள்ளான்: நன்றி. புனிதர்களின் மன்றாட்டுமாலையில் எல்லா இனத்தாரின் புனிதர்களையும் சேர்க்கலாமா?

வாசகர்_பயிற்சி: சேர்க்கலாம். பங்கின் பாதுகாவலர், திருமுழுக்குப் பெறுபவர்களின் பெயர்ப்புனிதர்கள் முதலில். பிறகு தமிழர்களுக்கு 2022-இல் புனிதரான தேவசகாயம், சீனர்களுக்கு 2000-இல் புனிதரான அகுஸ்தீன் சாவ் ரோங். கொரியாவில் 1839-இல் கொல்லப்பட்ட ஜாக் சாஸ்தான் பினாங்கு குருமடத்தில் கற்பித்தவர். அவரை எந்த மொழியாரும் தங்களவர் எனலாம். பெயர்களை அந்தந்த மொழிக்காரரே பாடட்டும், பதில் மட்டும் ஒரே மெட்டு. கூடுதல் பெயர் ஆறைத் தாண்ட வேண்டாம், எல்லாரும் நின்றுகொண்டிருப்பார்கள்.