தலை இல்லாத பேஸ் கிட்டார்: நிஜ ஸ்டைன்பெர்கரா, வேற ஏதாவதா?

ஒண்ணாம்ஃப்ரெட் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பெரம்பூர்ல சித்தி வீட்டுப் பரணைக் காலி பண்ணும்போது ஒரு பேஸ் கிட்டார் கிடைச்சது. கருப்பு பெயிண்ட். தலைப்பகுதியே கிடையாது. உடம்பு சின்னதா, நீளச் சதுரமா, கிரிக்கெட் மட்டை மாதிரி இருக்கு. ட்யூனிங் திருகு நாலும் கீழே, கம்பியோட அடிமுனையைத் தாங்கற பிரிட்ஜ் பக்கம். கம்பெனி பேர் எங்கயும் இல்ல. ரெண்டு கம்பி காணோம், மிச்ச ரெண்டும் துரு.

சித்தப்பா மஸ்கட்ல இருக்கார். 80-கள்ல காலேஜ் கல்ச்சுரல்ஸ் மேடையில இதை மாட்டிக்கிட்டு நிக்கற போட்டோ ஆல்பத்துல இருக்கு, முழங்கை வரைக்கும் சுருட்டின சட்டை, கருப்புக் கண்ணாடி எல்லாம் போட்டு. வாட்சப்ல கேட்டா, "ஸ்டிங் வாசிச்ச அதே பீஸ்டா, பத்திரமா வை"ன்னு வாய்ஸ் நோட். (ஸ்டிங்னா போலீஸ் ராக் குழுவோட பாடகர், பேஸ்காரர்.) எங்க வாங்கினீங்க, எவ்வளவுன்னு கேட்டா ப்ளூ டிக்கோட சரி.

தலை இல்லாத பேஸுக்குப் பேர் போன அமெரிக்கக் கம்பெனி ஸ்டைன்பெர்கர். இது நிஜமாவே ஸ்டைன்பெர்கர்தானா? எந்தக் கம்பி வாங்கிப் போடறது? போட்டோ மூணு இணைச்சிருக்கேன். பரண்ல லைட் இல்ல, சுமாரா இருக்கும், மன்னிக்கவும்.

நாலுகம்பி எழுதியது:

தலை இல்ல, நீளச் சதுரம், கருப்பு. ஸ்டைன்பெர்கரோட எல்-2 மாடல்தான், வேற என்ன? ஸ்டிங் வாசிச்சது உண்மை. ரஷ் ராக் குழுவோட பேஸ்காரர் கெட்டி லீ 1984 டூர்ல இதோடதான் நின்னார். நல்ல நிலைமையில இருந்தா லட்சக்கணக்குல போகும். அவசரப்பட்டு வித்துடாதீங்க.

ராயப்பேட்டை ரிப்பேர் எழுதியது:

தம்பி, லட்சக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைப்போம். மெல்லிசைக் குழு, ஹோட்டல் பேண்டுன்னு வாசிச்சு முடிச்சு இப்ப ரிப்பேர் மட்டும் பாக்கறவன் நான். என் மேசைக்கு "ரிக்கன்பேக்கர் வந்திருக்கு சார்"னு வந்ததுல நிஜ ரிக்கன்பேக்கரைத் தேடித்தான் பாக்கணும். (அதுவும் பேர் போன அமெரிக்க கிட்டார் கம்பெனி.)

உடம்போட வடிவத்தைப் பார்த்து பேஸை அடையாளம் சொல்லாதீங்க. எவன் காப்பி அடிச்சாலும் முதல்ல அடிக்கறது அந்த வடிவத்தைத்தான். ராக் பேஸ்காரங்க லெம்மியும் கிளிஃப் பர்ட்டனும் வாசிச்ச ரிக்கன்பேக்கரை எடுத்துக்குங்க. அந்தக் கொம்பு, கழுத்துல முக்கோணப் பதிப்பு எல்லாத்தையும் 70-கள்லயே ஜப்பான்காரன் அச்சு அசலா பண்ணிட்டான். ஆனா நிஜ ரிக்கன்பேக்கர் 4001 மாடல்ல கழுத்து மரம் உடம்பு வழியா அடி வரைக்கும் ஓடும். காப்பியில பெரும்பாலும் பின்னாடி தகடு வெச்சு நாலு ஸ்குரூ. திருப்பிப் பார்த்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். மேடை போட்டோவுல முதுகு தெரியாது, அதான் தொல்லை.

போட்டோவுல பார்க்க வேண்டியது கம்பியோட ரெண்டு முனை. முட்கரண்டி மாதிரி நடுவுல பிளந்த தலையா? அப்ப 70-கள்ல கிரேமர் பண்ணின அலுமினியக் கழுத்து. மேலே மூணு சாவி, கீழே ஒண்ணா? மியூசிக் மேன் ஸ்டிங்ரே. அப்புறம் பிக்கப், அதாவது கம்பி அதிர்வை மின்சாரமா மாத்தற பெட்டி, எத்தனைன்னு பாருங்க. பழைய அலெம்பிக்ல மூணு இருக்கற மாதிரி தெரியும், நடுவுல இருக்கறது பிக்கப்பே இல்ல. இரைச்சலை அடக்கறதுக்குன்னு வெச்ச வெறும் காயில். ஸ்டான்லி கிளார்க் வாசிக்கற பேஸ்ல பாத்திருப்பீங்க. ஜீன் சிம்மன்ஸோட கோடாலி பேஸ் மாதிரி இருந்தா யாரும் மன்றத்துல வந்து கேக்க மாட்டாங்க. இன்னொண்ணு, பிரிண்ட் போடும்போது நெகட்டிவைத் திருப்பிப் போட்டிருந்தா வலக்கைக்காரர் இடக்கைக்காரரா தெரிவார். சட்டைப் பட்டன் எந்தப் பக்கம்னு பார்த்துட்டு அப்புறம் பேசலாம். பீட்டில்ஸ் மெக்கார்ட்னி மாதிரி நிஜ இடக்கைக்காரர் எத்தனை பேர்! ஹாம்பர்க்ல 1961-ல அவர் ஹாஃப்னர் வயலின் பேஸை எடுத்ததுக்கு ஒரு காரணமே, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கறதால திருப்பிப் பிடிச்சாலும் கோணலா தெரியாதுங்கறதுதான்.

சரி, உங்க மேட்டர். தலை இல்லாத பேஸ்னாலே ஸ்டைன்பெர்கர் இல்ல. இங்கிலாந்துல ஸ்டேட்டஸ் கம்பெனி பண்ணினதை லெவல் 42 மார்க் கிங் வாசிச்சார், ஆனா அதுல கொம்பு உண்டு. உங்களுது மாதிரி நீளச் சதுரத்துல, ஸ்டைன்பெர்கர் லைசென்ஸ் வாங்கி ஹோனர் கம்பெனி போட்ட பி-2 நிறைய உலாவுது. அது மரம். எல்-2 மரமே இல்ல, கிராஃபைட்டும் எப்பாக்ஸியும் சேர்த்து வார்த்தது. கழுத்தும் உடம்பும் ஒரே வார்ப்பு, உள்ளே ட்ராஸ் ராடு, அதாவது கழுத்து வளைவைச் சரி பண்ற இரும்புக் கம்பி, கிடையாது. ஐப்பசி ஈரத்துல மரக் கழுத்தெல்லாம் வளைஞ்சு கம்பி மேலே தூக்கும், ஃப்ரெட் (கழுத்துல குறுக்கே பதிச்ச உலோகப் பட்டை) இரையும். அந்த வம்பு இதுல இல்ல.

உங்க மூணாவது போட்டோ மங்கல். ஆனா கழுத்து முனையில மஞ்சளா ஏதோ மின்னுது. அது என்னை உறுத்துது. இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்க. பின்னாடி கழுத்துச் சேரும் இடத்துல தகடும் ஸ்குரூவும் இருக்கா? ட்ராஸ் ராடு திருகற துளை எங்கயாவது இருக்கா? நட்டுல (கழுத்து முனையில கம்பி உக்கார்ற பள்ளம் போட்ட துண்டு) இருந்து 12-ஆம் ஃப்ரெட் வரைக்கும் டேப் வெச்சு அளங்க, எல்-2-ல அது 17 இன்ச் இருக்கணும். மொத்தம் எத்தனை ஃப்ரெட், அதையும் எண்ணுங்க. பின்மூடியைக் கழட்டி, பெயிண்ட் படாத இடத்துல என்ன கலர்னு பாருங்க. உள்ளே 9 வோல்ட் பேட்டரி இருந்தா வெறுங்கையால தொடாதீங்க, இத்தனை வருஷத்துல கசிஞ்சிருக்கும்.

டம்டம்_வேளச்சேரி எழுதியது:

நான் டிரம்ஸ்காரன், எனக்கு இதுல வேலையே இல்ல. ஆனாலும் அந்த முழங்கைச் சட்டை போட்டோவைப் போடாம இந்தத் திரியை மூடக்கூடாதுன்னு தாழ்மையுடன் கேட்டுக்கறேன்.

ஒண்ணாம்ஃப்ரெட் எழுதியது:

போட்டோ போட்டா மஸ்கட்ல இருந்து ஃபிளைட் பிடிச்சு வந்து அடிப்பார்.

ரிப்பேர் சார், பார்த்தாச்சு. பின்னாடி தகடு இருக்கு, நாலு ஸ்குரூ. பெயிண்டைச் சுரண்டினா மேட் இன் ஜப்பான்னு எழுத்து. நட்டுல இருந்து 12-ஆம் ஃப்ரெட் 15¼ இன்ச். ஃப்ரெட் 20தான். மூடிக்குள்ள பேட்டரி இல்ல. மரம் பழுப்பும் மஞ்சளுமா, தொட்டா எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி இருக்கு.

கழுத்து முனையில மின்னினது பித்தளைக் கட்டை. மேல நாலு குட்டி ஸ்குரூ, தலையே இல்லாம, ஆறுபட்டைக் குழியோட. ஒவ்வொண்ணும் ஒரு கம்பியை அமுக்கிப் பிடிக்குது. கட்டைக்குப் பின்னாடி பெயிண்ட் உரிஞ்ச இடத்துல குறுக்கு வரி வரியா ரம்பத் தடம். கீழே ட்யூனிங் திருகுல மூணு ஒரே மாதிரி, நாலாவது கொஞ்சம் பெருசு, சொரசொரப்பும் வேற டிசைன்.

ராயப்பேட்டை ரிப்பேர் எழுதியது:

எனக்கு லட்ச ரூபாய் பேஸைப் பார்க்கறதைவிட இதைப் பார்க்க ஆசையா இருக்கு தம்பி.

இது ஸ்டைன்பெர்கரும் இல்ல, ஹோனரும் இல்ல. மெட்ராஸ்லயே பண்ணினது. கழுத்து மட்டும் ஜப்பான், ஏதோ குட்டை ஸ்கேல் சாதா பேஸோடது. ஸ்கேல்னா நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கம்பி நீளம், 12-ஆம் ஃப்ரெட் அதுல சரிபாதி. 15¼-ஐ இரட்டிச்சா முப்பதரை இன்ச். எல்-2-ன்னா 34 இன்ச்சும் 24 ஃப்ரெட்டும் இருக்கணும். நட்டுக்கு மேல தலையை ரம்பத்தால அறுத்து எடுத்துட்டு, அந்த இடத்துல பித்தளைக் கட்டையைப் பொருத்தியிருக்காங்க. உடம்பு நீங்க சொல்ற பிசுக்கை வெச்சுப் பார்த்தா தேக்கு. கனமா இருக்கணுமே? பிரிட்ஜும் திருகும் லேத்துல கடைஞ்சது. கிண்டியிலயோ அம்பத்தூர் எஸ்டேட்லயோ தெரிஞ்ச டர்னர் ஒருத்தர் சாயங்கால ஷிஃப்ட் முடிஞ்சு கடைஞ்சு கொடுத்திருப்பார். நாலாவது திருகு தொலைஞ்சு, பிற்பாடு வேற கையால கடைஞ்சிருக்கு.

அந்தக் காலத்து நிலைமை இளசுங்களுக்குத் தெரியாது. 1991-க்கு முன்னாடி வெளிநாட்டு வாத்தியம்னா சிங்கப்பூர்ல இருந்து வர்றவங்க பெட்டியில வந்தாத்தான். மவுண்ட் ரோடு கடைக் கண்ணாடியில இல்லாததை யாராவது கேசட் அட்டையில பார்த்துட்டு, எப்படி இருக்கும்னு ஊகிச்சு, ஆசாரிகிட்டயும் லேத்காரர்கிட்டயும் சொல்லிச் செஞ்சுக்கிட்டாங்க. எல்-2-ல கம்பிக்கு ரெண்டு முனையிலயும் குண்டு இருக்கும், அந்தக் கம்பி அப்ப இங்க கிடைக்கவே கிடைக்காது. அதைத் தெரிஞ்சுக்கிட்டு, சாதாரணக் கம்பியை அமுக்கிப் பிடிக்கற மாதிரி மாத்தினவன் மூளைக்காரன். விலைன்னு பார்த்தா பெருசா ஒண்ணும் தேறாது. ஆனா இதே மாதிரி இன்னொண்ணு எந்த ஊர்லயும் இருக்காது.

நாலுகம்பி எழுதியது:

சரி சார், ஒத்துக்கறேன். ஆனா 20 அடி தூரத்துல இருந்து பார்த்தா ஸ்டைன்பெர்கர்தான்.

ராயப்பேட்டை ரிப்பேர் எழுதியது:

மேடைக்கும் ஆடியன்ஸுக்கும் அவ்வளவு தூரம்தானே. சித்தப்பாவுக்கு அது போதும்.

கம்பி விஷயம். சாதாரணக் குட்டை ஸ்கேல் செட் வாங்குங்க, குண்டு முனையைக் கீழே திருகுல மாட்டி, மறுமுனையைக் கட்டையில விட்டு அமுக்குங்க. வெட்டறதுக்கு முன்னாடி, கட்டையைத் தாண்டினதும் கம்பியை நல்லா மடக்கிடணும். மடக்காம வெட்டினா மேல்சுற்று பிரிஞ்சு கம்பி செத்துரும், புதுக் கம்பியும் தொம் தொம்னுதான் கேக்கும். கீழ்த் திருகெல்லாம் முதல்ல முழுசா வெளியே தளர்ந்திருக்கட்டும், இல்லேன்னா இழுக்க இடம் இருக்காது. அந்தக் குட்டி ஸ்குரூவுக்கு மில்லிமீட்டர் ஆலன் கீ சும்மா சுத்தினா பலம் போடாதீங்க, அந்தக் காலத்து லேத்ல இன்ச் சைஸ்தான் அதிகம். முந்தின நாள் ராத்திரியே ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெச்சிடுங்க.

ஒண்ணாம்ஃப்ரெட் எழுதியது:

எண்ணெய் விட்டாச்சு சார். உங்க பதில் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து சித்தப்பாவுக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழிச்சு பதில் வந்தது: "அந்த நாலாவது திருகு நானே கடைஞ்சதுடா."