பெர்மனென்ட் ஹேர் டை மூன்று வாரத்தில் செம்பட்டை ஆகிறது, இது சாதாரணம்தானா?

மாடித்தோட்டம்:

எனக்கு வயது 46. நாலு வருடமாக வீட்டிலேயே டை அடிக்கிறேன், பெட்டியில் பெர்மனென்ட் என்று போட்டிருக்கும் கருப்பு நிற கிரீம்தான். ஆரம்பத்தில் ஒரு தடவை அடித்தால் ஒன்றரை மாதம் கவலையில்லாமல் இருக்கும். இப்போது பத்துப் பதினைந்து நாளிலேயே வெயிலில் நின்றால் முடி செம்பட்டையாகத் தெரிகிறது, மூன்றாவது வாரம் காதோரம், வகிடு எல்லாம் வெள்ளைக் கோடு. அதனால் இருபது நாளுக்கு ஒரு முறை தலை முழுக்க அடிக்கிறேன். அடிக்க அடிக்க இன்னும் சீக்கிரம் வெளுக்கிற மாதிரி இருக்கிறது. சென்னைப் புறநகரில் இருக்கிறோம், போர் தண்ணீர்தான், பக்கெட் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படியும். தினமும் ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறேன். டை சரியில்லையா, தண்ணீரா, நான் அடிக்கிற முறையா? நிரந்தரம் என்றால் எத்தனை நாள்தான் நிற்க வேண்டும்? அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம் வேறு.

வேதியியல் வாத்தியார்:

நிரந்தரம் என்கிற சொல்லால்தான் பாதிக் குழப்பம். நீங்கள் பார்ப்பது இரண்டு தனித்தனி விஷயங்கள், முதலில் அதைப் பிரித்துக்கொள்ளுங்கள். வகிட்டில் வெள்ளைக் கோடு தெரிவதற்கும் சாயம் போவதற்கும் சம்பந்தமே இல்லை. முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், வேரிலிருந்து புதிதாக வருவது வெள்ளையாகத்தான் வரும், உலகத்தில் எந்த டையும் அதை மாற்றாது. செம்பட்டை ஆவதுதான் உண்மையில் சாயம் வெளுப்பது.

டையில் இருக்கிற பிபிடி (பாரா-பீனிலீன்டையமின் என்கிற சாயப்பொருள்) போன்றவை கலக்கும்போது கருப்பாக இருப்பதில்லை, சின்னச் சின்ன மூலக்கூறுகள். அம்மோனியா முடியின் மேல் செதில்களை உப்ப வைத்து வழி விடுகிறது, அவை உள்ளே போகின்றன, கூடக் கலக்கிற டெவலப்பரில் இருக்கும் பெராக்சைடு பட்டதும் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, வந்த வழியில் எளிதாகத் திரும்ப முடியாமல் உள்ளேயே தங்குகின்றன. அதனால்தான் பெர்மனென்ட். ஆனாலும் ஒவ்வொரு முறை தலைக்குக் குளிக்கும்போதும் முடி தண்ணீரில் ஊறி உப்பி, கொஞ்சம் கொஞ்சமாகச் சாயம் கசிந்துகொண்டேதான் இருக்கும், முதல் சில குளியல்களில் கொஞ்சம் அதிகமாகவே போகும்.

அதே பெராக்சைடு இன்னொரு வேலையும் செய்கிறது. நரைக்காத முடியில் உள்ள இயற்கைக் கருமையை அது வெளுத்துவிடும். டை கசிந்து குறையும்போது அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது அந்த வெளுத்த செம்பழுப்புதான். நாலு வருடமாக இருபது நாளுக்கு ஒரு தடவை தலை முழுக்க அடித்திருந்தால், உங்கள் முடி நுனி எத்தனை தடவை பெராக்சைடு குடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செதில்கள் மூட முடியாமல் ஓட்டையாகிப் போன முடியில் சாயம் சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். அடிக்க அடிக்க வெளுக்கிறது என்று நீங்கள் சொன்னது பிரமை இல்லை.

பார்லர் அக்கா:

சார் சொன்னதை நான் பதினாலு வருடமாகக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் பார்லருக்கு வரும்போதே பலர் முடி நுனி தேங்காய் நார் மாதிரி இருக்கும், கேட்டால் எல்லாரும் தலை முழுக்கத்தான் அடிப்பார்கள். மாடித்தோட்டம், இனிமேல் வேரில் வளர்ந்த வெள்ளையில் மட்டும் பிரஷ் வைத்து அடியுங்கள். வகிடு வகிடாகப் பிரித்து, முன்நெற்றியும் காதோரமும் முதலில், ஏனென்றால் அங்கேதான் நரை முரட்டுத்தனமாக இருக்கும், சாயம் ஏற நேரம் எடுக்கும். நுனி ரொம்ப வெளுத்திருந்தால் மட்டும், கடைசி ஐந்து நிமிடம் மீதி கலவையைக் கீழே இழுத்துவிட்டு அலசுங்கள், அதுவும் இரண்டு மூன்று தடவைக்கு ஒரு தடவை போதும்.

வீட்டில் அடிப்பவர்கள் செய்கிற இன்னொரு தப்பு, அரைமணி நேரம் வைக்கச் சொல்லியிருந்தால் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கால்மணியில் அலசிவிடுவது. சாயம் உள்ளே சேர்ந்து பெரிதாவதற்கு நேரம் வேண்டாமா? பாதியில் அலசினால் ஒரு வாரத்தில் போகத்தான் செய்யும். அதற்காக ஒரு மணி நேரம் ஊற வைப்பதும் வேண்டாம், பெட்டியில் போட்ட நேரம்தான் கணக்கு. கலந்த டையை மூடி வைத்து அடுத்த வாரம் அடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கலந்த நிமிடத்திலிருந்தே அது தீர ஆரம்பித்துவிடும், மறுநாள் அது வெறும் கரி. வேருக்கு மட்டும் என்றால் பாதி டியூப், அதற்குப் பெட்டியில் சொன்ன விகிதத்தில் டெவலப்பர் மட்டும் கலந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்ப் பிசுக்குள்ள தலையில் அடிக்காதீர்கள். அடித்து இரண்டு நாளாவது தலைக்குக் குளிக்காதீர்கள். அப்புறம் வாரம் இரண்டு குளியல், வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பு போதும். போர் தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து முடிமேல் படிந்து சொரசொரப்பாக்கும், நிறமும் மங்கலாகத் தெரியும். முழுக்க மாற்ற வழி இல்லையென்றால் கடைசி இரண்டு சொம்பாவது குடிக்கிற தண்ணீரில் அலசுங்கள். ஸ்கூட்டியில் போகும்போது ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்குகிற பின்னலை ஒரு துணியால் சுற்றிவிடுங்கள், வெயிலும் சாயத்தை வெளுக்கும்.

திருச்சிக்காரி:

எல்லாரும் எத்தனை நாள் நிற்கும் என்றே பேசுகிறீர்கள், ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நான் ஒன்பது வருடம் ஒரே டை, ஒரு பிரச்சினையும் இல்லை. பத்தாவது வருடம் ஒரு நாள் இரவு தலை அரித்தது, காலையில் கண் இரண்டும் திறக்க முடியாமல் வீங்கிவிட்டது, மருத்துவமனையில் ஊசி போட்டுத்தான் வடிந்தது. பிபிடி ஒவ்வாமை, இனி ஆயுசுக்கும் அந்தப் பொருள் கூடாது என்று தோல் மருத்துவர் சொல்லிவிட்டார். இத்தனை வருடம் ஒத்துக்கொண்டது என்பதெல்லாம் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு தடவிப் பாருங்கள். இருபது நாளுக்கு ஒருமுறை அடிக்கிறவர்கள் கட்டாயம் செய்யுங்கள்.

நான் இப்போது மருதாணிப் பொடியும் அவுரிப் (நீலச் சாயம் தருகிற செடி) பொடியும்தான். முதலில் மருதாணி, நன்றாக அலசிவிட்டு அப்புறம் அவுரி. பாதி நாள் போய்விடும், ஆனாலும் நிறம் நிற்கிறது. கடையில் "கருப்பு மருதாணி" என்று பாக்கெட்டில் விற்பதை மட்டும் இயற்கை என்று நம்பி வாங்காதீர்கள், மருதாணி தனியாகக் கருப்பு தராது, பின்பக்கம் படித்தால் அநேகமாக அதே பிபிடி இருக்கும்.

மாடித்தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கால்மணியில் அலசுகிற ஆள் நான்தான், படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. திருச்சிக்காரி அக்கா, பேட்ச் டெஸ்ட் இதுவரை ஒரு தடவைகூடச் செய்ததில்லை, இனி செய்கிறேன். ஒரே ஒரு கேள்வி. நிச்சயதார்த்தம் வருவதற்குள் ஒரு முறைதான் அடிக்கப் போகிறேன், முதல் நாளே அடித்தால் கருப்பு பளிச்சென்று இருக்குமா?

பார்லர் அக்கா:

முதல் நாள் வேண்டாம்மா. புது டை மை பூசிய மாதிரி அடர்த்தியாகத் தெரியும், நெற்றியிலும் காதிலும் கறை இருக்கும், போட்டோவில் அதுதான் முதலில் விழும். நாலு நாள் முன்னால் அடியுங்கள், இரண்டு நாள் கழித்து ஒரு தடவை தலைக்குக் குளித்தால் இயற்கையான கருப்புக்கு வந்துவிடும். நெற்றி ஓரத்தில் வாசலின் தடவிக்கொண்டு ஆரம்பியுங்கள். பேட்ச் டெஸ்டை அதற்கும் இரண்டு நாள் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.